ஜெயா எழுதிய கடிதம்

'தீபா' என்று எழுதிய பேட்ஜைத் தூபா வாங்க மாட்டேன் என்று சொன்னபோது ஜுவேரியாவுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. வேலைக்குச் சேர்ந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத பெண். திருவான்மியூரிலிருந்து பஸ் பிடித்து வந்து, யூனிபார்ம் சேலையை இன்னும் சரியாகக் கொசுவம் வைக்கத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள். அதற்குள் மறுப்பு.

"என் பேரு தீபா இல்ல ஆபா. தூபா," என்றாள் அவள், தங்கள் வீடுகளில் அக்காவை அழைக்கிற சொல்லில்.

"இங்க ஆபான்னு கூப்பிடாத."

"வேற எப்படிக் கூப்பிடட்டும்?"

ஜுவேரியா தன் இடது தோளுக்குக் கீழே குத்தியிருந்த பேட்ஜைத் தொட்டுக் காட்டினாள். அதில் 'ஜெயா, பிரிவுப் பொறுப்பாளர்' என்று இருந்தது. தூபா அதைப் படித்தாள். பிறகு ஜுவேரியாவின் நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டைப் பார்த்தாள். அந்தப் பார்வைதான் ஜுவேரியாவைக் குத்தியது.

பூர்ணகும்பம் பட்டு மாளிகை தியாகராய நகரில் ஐந்து மாடிக் கட்டடம். மூன்றாவது மாடி முழுக்கக் கல்யாணப் பட்டு. அங்கேதான் ஜுவேரியா பதினான்கு வருடங்களாக வேலை பார்த்தாள். சேர்ந்தபோது வயது இருபத்தைந்து. அவள் கணவன் நதீம் இராயப்பேட்டையில் கார் சீட்டுகளுக்கு உறை தைக்கிற கடையில் வேலை செய்தான். ஒரு சம்பளத்தில் வீடு நகரவில்லை என்றுதான் அவளும் வேலை தேடினாள். மேனேஜர் வெங்கடரமணன் அவளைப் பார்த்ததுமே, புடவை பிரிக்கவே பிறந்த கை என்று சொல்லி எடுத்துக்கொண்டார். பிறகு தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தணித்து, கூரைப்புடவை எடுக்க வருகிறவர்கள் நாள், நட்சத்திரம், ராசி எல்லாம் பார்த்து வருகிறவர்கள், பெயரைக் கேட்டதும் தயங்குவார்கள், அவளைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்றுதான் சொல்வதாகவும் கூறினார். கடைக்குள் மட்டும் ஒரு சின்னப் பெயர். அவ்வளவுதான். நாம் எல்லோரும் ஒரே குடும்பம், குடும்பத்தில் செல்லப்பெயர் வைப்பதில்லையா என்றும் கேட்டார்.

அன்றைக்கு அவளுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் பின்னாளில் அவளை அதிகம் எரித்தது. கோபத்துக்குப் பதில் ஒரு பெருமை வந்தது. தன்னைச் சேர்த்துக்கொண்டார்கள் என்ற பெருமை.

அதன் பிறகு யாரும் அவளிடம் எதையும் கட்டாயப்படுத்தவில்லை. காலையில் வந்து புர்காவைக் கழற்றி லாக்கரில் வைப்பாள். பெண்கள் அறைக் கண்ணாடியின் ஓரத்தில் ஒரு பொட்டு அட்டை எப்போதும் சொருகியிருக்கும். அதிலிருந்து ஒன்றை எடுத்து ஒட்டிக்கொள்வாள். அதை ஒட்டச் சொல்லி ஒருவரும் சொன்னதில்லை. மயிலாப்பூர் மாமிகளிடம் எப்படிப் பேசினால் முகம் மலரும் என்று அவளாகவே கவனித்துக் கற்றாள். "ஒன்பது கஜத்துல இந்தக் கட்டம் போட்டது இப்பதான் வந்துருக்கு மாமி, ஆத்துல எல்லாருக்கும் பிடிக்கும்" என்று அவள் சொல்லும்போது யாருக்கும் சந்தேகம் வராது. ஒரு ரமலான் மாதத்தில் யாரோ கல்யாண லட்டை அவள் கையில் வைத்தபோது, "இன்னிக்கு விரதம்" என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டாள். எந்தச் சாமிக்கு என்று அந்த அம்மாள் கேட்டார். ஜுவேரியா யோசிக்காமல் ஒரு சாமி பெயரைச் சொன்னாள். அன்று மாலை நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழம் தொண்டையில் இறங்க மறுத்தது. ஆனால் மறுநாள் அதை மறந்துவிட்டாள். விற்பனையில் அந்த மாதமும் அவள்தான் முதல்.

அவள் மட்டுமல்ல. பட்டினப்பாக்கத்து மீனவர் குடியிருப்பிலிருந்து வந்த கயலிடம், வீடு எங்கே என்று கேட்டால் சாந்தோம் பக்கம் என்று சொல்லச் சொல்லியிருந்தார்கள். அதைக் கயலுக்குச் சொல்லிக்கொடுத்தவளே ஜுவேரியாதான். கயல் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். அவள் சிரிப்பில் என்ன இருந்தது என்று ஜுவேரியா அப்போது பார்க்கவில்லை.

ஆக, தூபா மறுத்தபோது ஜுவேரியா தனக்குச் சொல்லப்பட்டதையெல்லாம் வரிசை மாறாமல் அவளிடம் சொன்னாள். செல்லப்பெயர், குடும்பம், ராசி, சங்கடம். சொல்லும்போதே அது வெங்கடரமணனின் குரலாக இருப்பது அவளுக்குத் தெரியவில்லை. தூபா முழுவதும் கேட்டுவிட்டு, பெயர் மாற்றினால்தான் வேலை என்றால் அதை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள் என்றாள். எழுதிக் கொடுக்க யாரும் தயாராக இல்லை. எனவே அவள் பேட்ஜே இல்லாமல் கவுண்டரில் நின்றாள்.

பத்து நாள் கழித்து விசாலாக்ஷி மாமி வந்தார். வடக்கு மாட வீதியில் வாய்ப்பாட்டு சொல்லித் தருகிறவர். எட்டு வருடமாக ஜுவேரியாவிடம் மட்டுமே புடவை எடுப்பவர். அன்று ஜுவேரியா வேறொரு கல்யாண வீட்டாரிடம் மாட்டிக்கொண்டிருந்தாள். மாமி தூபாவின் முன்னால் உட்கார்ந்துவிட்டார். தன் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, அரக்கில் வேண்டும் என்றார். தூபா பிரித்துப் போட்டாள். நடுவில் மாமி அவள் பெயரைக் கேட்டார்.

ஜுவேரியா கையிலிருந்த முந்தியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தூபா, மாமி."

"அப்டின்னா?"

"சொர்க்கத்துல இருக்கற ஒரு மரம்."

"நன்னாருக்கு. அந்தக் கீழ இருக்கே, குட்டி பார்டர், அதைப் பிரி."

அவ்வளவுதான் நடந்தது. மாமி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவருடைய கவனம் முழுக்க ஜரிகையில் இருந்தது. நான்கு புடவை எடுத்தார். எழுந்து போகும்போது ஜுவேரியாவின் கையைப் பிடித்து, "ஜெயா, நீ பழக்கின பொண்ணா? ரொம்பப் பொறுமையாப் பிரிச்சுக் காட்டறா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜுவேரியா பெண்கள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எட்டு வருடம் அந்த மாமியிடம் எவ்வளவு பேசியிருக்கிறாள். இல்லாத கொலுவைப் பற்றி, இல்லாத மாமியாரின் மடி ஆசாரத்தைப் பற்றி, பண்டிகைக்குச் செய்யாத பலகாரத்தைப் பற்றி. ஒவ்வொரு பொய்யையும் நினைவு வைத்து, அடுத்த முறை மாறாமல் சொல்லி. அத்தனையும் எதற்காக? நேற்று வந்த பெண் தன் பெயரைச் சொன்னாள், மாமி குட்டி பார்டர் கேட்டார். இவ்வளவு சுலபம் என்றால் பதினான்கு வருடம் இந்த இடத்தில் நின்றது யார்?

அந்தக் கேள்வியின் பக்கம் போக அவளால் முடியவில்லை. அதனால் கோபத்தை எடுத்துத் தூபாவின் மேல் போட்டாள். திமிர் பிடித்தவள், நம்மையெல்லாம் கேவலமாக நினைக்கிறவள், படிப்புக் கொழுப்பு என்று மனசுக்குள் திட்டினாள். திட்டத் திட்ட நெஞ்சு லேசானது.

அந்த வாரமே வெங்கடரமணன் அவளைக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஒரு குடும்பம் பாதியில் எழுந்து போனது, தூபா என்ற பெயரைக் கேட்டுத்தான் போனது என்று அவருக்குத் தகவல் வந்திருக்கிறதாம். முதலாளி கேட்கிறார். பிரிவுப் பொறுப்பாளர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் நல்லது. வாடிக்கையாளரிடம் அந்தப் பெண் மரியாதையில்லாமல் நடந்துகொண்டாள் என்று எழுதினால் போதும், பெயர் விஷயத்தை எழுத வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை எழுந்து போன குடும்பத்தை ஜுவேரியாவுக்கு நன்றாகத் தெரியும். அவர்களுக்கு மாம்பழ மஞ்சளில் மயில் கண் பார்டர் வேண்டியிருந்தது. அது இருப்பில் இல்லை. காண்பித்துக்கொண்டிருந்தவள் கயல். தூபா அந்தப் பக்கமே போகவில்லை.

ஜுவேரியா பேனாவை வாங்கி எழுதினாள். ஒரு பக்கம். ஒரு அடித்தல்கூட இல்லாமல் வந்தது. கீழே 'ஜெயா' என்று கையெழுத்துப் போட்டாள். மறுநாள் தூபாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். லாக்கரிலிருந்து பையை எடுத்துக்கொண்டு போகும்போது அவள் ஜுவேரியாவின் முன்னால் ஒரு கணம் நின்றாள். அழவில்லை. "நீங்க எழுதுனீங்களா ஆபா?" என்று மட்டும் கேட்டாள். ஜுவேரியா ஒரு புடவையை மடித்துக்கொண்டே இருந்தாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியான இடைவேளையில், நடேசன் பூங்கா வாசலில் ஒரு ஆள் அவளுக்காகக் காத்திருந்தார். நாற்பது வயது இருக்கும். தோளில் ரெக்சின் பை. தன் பெயர் ஷரஃபுதீன் என்றும், கடைத் தொழிலாளர் சங்கத்தில் இருப்பதாகவும் சொன்னார். தூபா சங்கத்துக்கு வந்து, தொழிலாளர் துறையில் மனுக் கொடுத்திருக்கிறாள். அடுத்த வியாழக்கிழமை விசாரணை. கடை தரப்பில் காட்டியிருக்கும் ஒரே ஆதாரம் ஜெயா என்பவர் எழுதிய கடிதம்.

"ஆனா தோழர், சம்பளப் பதிவேட்டுல ஜெயான்னு ஒரு ஆளே இல்ல," என்றார் அவர். "இல்லாத ஆள் எழுதுன கடிதத்த வச்சு ஒரு பொண்ண வேலைய விட்டு அனுப்பியிருக்காங்க. நீங்க அங்க வந்து, ஜெயான்னு யாரும் கெடையாதுன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

அவளுக்கு முகம் சூடானது. அந்தப் பெண் கொழுப்பெடுத்துப் போனாள், அதற்கு நான் என்ன செய்வது, கடை எனக்கு என்ன குறை வைத்தது என்று படபடவென்று பேசினாள். யாரும் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை, என் இஷ்டத்துக்குத்தான் நான் இருந்தேன் என்றாள்.

ஷரஃபுதீன் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு சொன்னார்:

"அடிக்கிற முதலாளின்னா ஈசி. எல்லாருக்கும் கோபம் வந்துடும். இங்க நீங்க யாருன்னு அவங்க எழுதி நெஞ்சுல குத்துனாங்க. நீங்க அதப் படிச்சிட்டு, சரி, நான் இவதான்னு நடந்துக்கிட்டீங்க. அதுக்கப்புறம் காவலுக்கு ஆள் எதுக்கு? உங்களுக்கு நீங்களே காவல். தூபாவுக்கும் நீங்கதான் காவல். எங்க மார்க்சிய வகுப்புல இதத்தான் சித்தாந்தம்னு சொல்லுவோம். மேடையில பேசுறது இல்ல சித்தாந்தம். தெனம் காலைல யாரும் சொல்லாமலே கண்ணாடி முன்னாடி நின்னு ஒட்டிக்கிறீங்களே, அது. 'என் இஷ்டம்'னு இப்ப சொன்னீங்க பாருங்க தோழர், அதுவும்தான்."

பொட்டைப் பற்றி தூபா சொல்லியிருக்க வேண்டும். ஜுவேரியாவுக்கு அவமானமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"உங்க பாடத்த வேற யாருக்காவது எடுங்க. அப்புறம் இந்தத் தோழர் கீழர் எல்லாம் வேணாம். ஏற்கனவே ஒருத்தர் பேரு வச்சாரு. நீங்க வந்து அஞ்சு நிமிஷம் ஆகல, இன்னொண்ணு வைக்கிறீங்க."

அதுவும் சரிதான், மன்னிச்சிடுங்க என்றார் அவர். "என்னன்னு கூப்பிடட்டும்?"

அவள் வாயைத் திறந்தாள். 'ஜெ' என்று உதடு விரிந்துவிட்டது. ஒரு கணம்தான். அவர் அதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை. ஜுவேரியா பதில் சொல்லாமல் பூங்கா வாசலிலிருந்து விறுவிறுவென்று நடந்துவிட்டாள்.

அன்று மாலை வீட்டில் நதீமிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் தையல் ஊசி குத்திய கட்டைவிரலைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டிருந்தான். கடையில் அவளுக்கு வேறு பெயர் இருப்பது அவனுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். அதைப் பற்றி அவர்கள் பேசியதில்லை. அந்த ஆள் பேசிய பேச்சைக் கேட்டாயா, என்னைப் பார்த்து எனக்கு நானே காவல் என்கிறான் என்று அவள் பொரிந்தபோது நதீம் தலை நிமிரவில்லை.

"ஒண்ணு சொல்லுவேன், கோவிச்சுக்கக் கூடாது," என்றான்.

"சொல்லு."

"நாலு வருஷம் முன்னாடி பெருநாளுக்குத் துணி எடுக்கறதுக்கு மாம்பலம் ஸ்டேஷன்ட்ட வரச் சொன்னியே. நான் வர்றதுக்குள்ள நீ ரங்கநாதன் தெருக்குள்ள நடந்துட்ட. பின்னாடியே வந்தேன். ஜுவேரியான்னு கூப்பிட்டேன். மூணு தரம். நாலடி தூரம்தான். நீ திரும்பல."

"கூட்டம். கேட்டிருக்காது."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். அப்புறம் ஜெயான்னு கூப்பிட்டேன். அதே சத்தம்தான். டக்குனு நின்னுட்ட. திரும்பிச் சிரிச்ச. கவுண்டர்ல சிரிக்கிற சிரிப்பு அது. நான்னு தெரிஞ்சதும் அத மாத்திக்கிட்ட."

அவளுக்கு அந்த நாள் நினைவிருந்தது. நதீமுக்கு வாங்கிய சட்டையின் நிறம் நினைவிருந்தது. இது நினைவில்லை.

"ஏன் சொல்லல?"

"எனக்கே பயமா இருந்துச்சு," என்றான் நதீம். விரலைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் துடைத்துக்கொண்டான்.

ஜுவேரியா சமையலறைக்குப் போய்ச் சோற்றை இறக்கிவைத்தாள். கோபம் வந்தது. இதுவரை வந்தது போன்ற கோபம் அல்ல, கால் விரலிலிருந்து ஏறி வந்தது. நதீம் மேல், நாலு வருடம் வாய் மூடியிருந்ததற்காக. வெங்கடரமணன் மேல், அவ்வளவு தணிந்த குரலில் பேசியதற்காக. அந்த முதல் நாளில் அவர் பொய்யே சொல்லவில்லை என்பது அவளை இன்னும் கொதிக்க வைத்தது. கல்யாண வீட்டார் பெயர் பார்ப்பார்கள் என்று அவர் மனதார நம்பினார். அவரிடம் அப்படி யாரோ சொல்லியிருப்பார்கள். சிலர் பார்க்கவும் செய்வார்கள்தான். அந்தச் சிலருக்காக ஒரு மனுஷியின் பெயரைக் கழற்றிவிடலாம் என்பது அவருக்கும் இயல்பாக இருந்தது, அவளுக்கும் இயல்பாக இருந்தது. அந்த இயல்பின் மேல்தான் அவளுக்குக் கைக்கு எட்டியதையெல்லாம் போட்டு உடைக்கத் தோன்றியது.

கடைசியாக அந்தக் கடிதம் நினைவுக்கு வந்தது. அடித்தல் இல்லாமல் எழுதியது. அதை யாரும் அவள் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை.

வியாழக்கிழமை காலை வெங்கடரமணன் கடைக் காரிலேயே அவளை அழைத்துப் போனார். வழியில், ஜெயாம்மா, நடந்ததை மட்டும் சொல்லுங்கள், நீங்கள் கடையின் தூண் என்று முதலாளி சொன்னார் என்றார். அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

விசாரணை ஒரு சின்ன அறையில் நடந்தது. அதிகாரி ஸ்ரீலக்ஷ்மி ஐம்பது வயதுக்காரர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு படிக்கிறவர். மேசையின் ஒரு பக்கம் தூபாவும் ஷரஃபுதீனும். எதிர்ப்பக்கம் வெங்கடரமணனும் ஜுவேரியாவும். தூபா அவள் பக்கம் திரும்பவே இல்லை.

அதிகாரி கடிதத்தை எடுத்தார். "ஜெயா யாரு?"

ஜுவேரியா எழுந்து நின்றாள். நினைத்து நிற்கவில்லை. கால் தானாக நின்றது.

அதிகாரி பதிவேட்டைப் புரட்டினார். ஜெயா என்று யாரும் இதில் இல்லையே என்றார். வெங்கடரமணன் புன்னகையோடு விளக்கினார். வியாபார வசதிக்காகக் கடையில் ஒரு பெயர் வைப்பது வழக்கம், பதிவேட்டில் ஜுவேரியா என்று இருப்பது இவர்தான், அவரவர் சம்மதத்தோடுதான். ஷரஃபுதீன் உடனே, பதிவேட்டில் இல்லாத ஆள் எழுதிய கடிதத்தை ஆதாரமாக ஏற்க முடியாது என்று எழுதி வைத்ததைப் படித்தார். ஜுவேரியாவைப் பார்த்துத் தலையசைத்தார். ஒரு வார்த்தை போதும் என்று அவர் பூங்கா வாசலில் சொன்னது அதுதான்.

அதிகாரி அவளிடம் கேட்டார். "நீங்க சொல்லுங்கம்மா. ஜெயான்னு ஒருத்தர் இருக்காங்களா, இல்லியா?"

இல்லை என்று சொன்னால் கடிதம் விழுந்துவிடும். தூபாவுக்கு நியாயம் கிடைக்கும். தானும் தப்பித்துக்கொள்ளலாம். எழுதியது ஜெயா. ஜெயா இல்லை. யார் மேலும் குற்றம் இல்லை. எவ்வளவு வசதி. இந்த வசதியைத்தான் பதினான்கு வருடமாகத் தின்று கொண்டிருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது.

"இருக்கா மேடம்," என்றாள். "பதினாலு வருஷமா இருக்கா. நான்தான் அவ. என் பேரு ஜுவேரியா. அவங்க வச்ச பேருல இருந்துகிட்டு இந்தக் கடிதாசிய நான்தான் எழுதுனேன். இதுல இருக்கறது பூரா பொய். அன்னிக்கு எழுந்து போனவங்களுக்கு மஞ்சப் புடவை கெடைக்கல. இந்தப் பொண்ணு அந்தப் பக்கமே வரல. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் எழுதுனேன்."

"யாராவது எழுதச் சொன்னாங்களா?"

"சொன்னாங்க. இவருதான். ஆனா இவரு சொன்னதுக்காக மட்டும் எழுதல. அவ பேர அவ வச்சிக்கிட்டாளேங்கற ஆத்திரத்துல எழுதுனேன்." அவள் குரல் உயர்ந்தது. மேசையில் கை வைத்துக்கொண்டாள். "சம்மதத்தோடன்னு சொல்றாரே, ஆமா, சம்மதிச்சேன். அதையும் எழுதிக்கோங்க. என் பேர நானே மறக்கற அளவுக்கு சம்மதம் வாங்கியிருக்காங்க. புருஷன் பின்னாடி வந்து கூப்பிட்டாத் திரும்ப மாட்டேன். கடைப் பேரச் சொன்னா நின்னுடுவேன். இப்பக்கூட நின்னேன், நீங்க பாத்தீங்க. இது என்ன மாதிரி சம்மதம்னு எனக்குப் புரியல மேடம்."

வெங்கடரமணன் கைக்குட்டையை எடுத்தார். அதிகாரி கண்ணாடியை இறக்கி மூக்கில் போட்டுக்கொண்டு, அவள் சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொண்டார். கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். ஜுவேரியா நிறுத்தி நிறுத்தி எழுதினாள்.

தூபாவைத் திரும்ப வேலைக்கு எடுக்கச் சொல்லி, அவளுடைய சொந்தப் பெயரிலேயே எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அவள் வந்தாள். முதல் நாள் மாடிப்படியில் ஜுவேரியா அவளை வழிமறித்து மன்னிப்புக் கேட்டாள். தூபா நின்று கேட்டுவிட்டு, "சரிங்க மேடம்" என்றாள். ஆபா என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகும் சொல்லவில்லை. ஜுவேரியா அதைக் கேட்டு வாங்க நினைக்கவில்லை.

ஜுவேரியாவைப் பொறுப்பாளர் வேலையிலிருந்து எடுத்து, அடித்தளத்தில் பார்சல் கட்டும் பிரிவில் போட்டார்கள். அங்கே வாடிக்கையாளர் யாரும் வர மாட்டார்கள். அட்டைப்பெட்டி வாசனையில், டேப் இழுக்கிற சத்தத்தில் நாள் முழுக்க. அங்கேதான் கயல் சாப்பாட்டு வேளையில் இறங்கி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னாக்கா, சாந்தோம் பக்கம்னு சொல்லச் சொன்னியே, ஞாபகம் கீதா?" என்று கேட்டாள். "என் கொயந்தகிட்டயே ஒரு நாள் அப்டி சொல்லிட்டேன். இஸ்கூல்ல கேட்டா சாந்தோம்னு சொல்லுன்னு. அது என்ன மொறைச்சிப் பாத்துச்சு."

ஜுவேரியாவால் அவளை நேராகப் பார்க்க முடியவில்லை. அதற்கும் நான்தான் காரணம் என்றாள். கயல் அவள் தட்டிலிருந்து ஒரு துண்டு உருளைக்கிழங்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, நீ மட்டும் இல்லக்கா என்றாள்.

உத்தரவு வந்த மறுமாதம் முதலாளி ஒரு சுற்றறிக்கை விட்டார். பெயரால் இனி எந்த மனக்கசப்பும் வேண்டாம் என்று அதில் அழகாக எழுதியிருந்தது. எல்லாருடைய பழைய பேட்ஜையும் வாங்கிக்கொண்டு புதிதாகக் கொடுத்தார்கள். கடைச் சின்னம், அதற்குக் கீழே ஒரு எண், அதற்குக் கீழே 'உங்கள் அன்புச் சகோதரி'. ஆண்களுக்கு 'அன்புச் சகோதரர்'. ஜுவேரியாவுக்கு வந்தது இருநூற்றுப் பதினான்கு. எண் மனதில் பதிவதற்காகக் காலை ஒன்பதே காலுக்குத் தரைத்தளத்தில் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, எண்ணைச் சொல்லி ஆஜர் எடுக்கப் போவதாகவும் அறிவித்தார்கள்.

அந்தச் சுற்றறிக்கையை ஜுவேரியா இரண்டு முறை படித்தாள். பிறகு சாப்பாட்டு வேளையில் ஒவ்வொரு மாடியாக ஏறினாள். பேசி மயக்க அவளுக்குத் தெரியாமலில்லை. பதினான்கு வருடம் அதைத்தானே செய்தாள். ஆனால் இந்த முறை அப்படிப் பேசவில்லை. நாளைக்கு நம்பர் கூப்பிட்டால் நான் பதில் சொல்ல மாட்டேன், அப்புறம் உங்கள் இஷ்டம் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள். சில பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மாதத் தவணையும் பிள்ளைகளும் இருக்கிறவர்கள். அவர்கள் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை.

காலையில் வெங்கடரமணன் கையில் நோட்டோடு நின்றார். நூற்றி ஒன்று என்றார். ஆஜர் என்று ஒரு குரல் வந்தது. நூற்றி இரண்டு. ஆஜர். நூற்றி மூன்றுக்குப் பதில் இல்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார். கயல் மேலே சீலிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி கூப்பிட்டார். இல்லை. நூற்றி நான்கு ஆஜர் சொன்னது. நூற்றிப் பத்துக்குள் நான்கு பேர் வாய் திறக்கவில்லை. இருநூற்றைத் தாண்டுவதற்குள் அவர் குரல் கம்மிவிட்டது.

"இருநூத்திப் பதினாலு."

ஜுவேரியா அவரை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இருநூத்திப் பதினாலு," என்றார் மறுபடி. பிறகு நோட்டை மூடினார். "என்னம்மா இது. ஜுவேரியா, நீங்களே இப்படி செஞ்சா எப்படி?"

பதினான்கு வருடத்தில் அவர் வாயிலிருந்து அந்தப் பெயர் நேராக அவளை நோக்கி வந்தது அப்போதுதான். அவளுக்குச் சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. உள்ளே எரிந்துகொண்டிருந்தது அப்படியே எரிந்தது.

"சொல்லுங்க சார்," என்றாள்.

ஷட்டர் ஏற்றுகிற சத்தம் கேட்டது. வாசலில் முதல் கல்யாண வீட்டார் காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். வரிசை கலைந்தது. தூபா மூன்றாம் மாடிக்குப் படியேறினாள். ஜுவேரியா அடித்தளத்துக்கு இறங்கி, அன்றைக்குப் போக வேண்டிய பெட்டிகளை எடுத்து மேசைமேல் வைத்தாள். மாலையில் பதில் சொல்லாத பதினேழு பேரும் ஷரஃபுதீனின் சங்க அறைக்குப் போவதாக வரிசை கலையும்போதே பேசி முடித்திருந்தார்கள். அதற்குள் முப்பது பார்சல் கட்டி முடிக்க வேண்டியிருந்தது.